மிட்ரேஞ்ச் சிஸ்டத்துக்கு சின்ன சைஸ் மதர்போர்டு: நம்ம டெல்டா பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

மன்னார்குடியில உக்காந்து சிஸ்டம் அசெம்பிள் பண்ணித் தர்றேன். திருவாரூர், பட்டுக்கோட்டை, கும்பகோணம், வேதாரண்யம்னு எல்லா பக்கத்துலேர்ந்தும் போன் வரும், கல்யாண வீடியோ எடிட் பண்றவங்க, டிடிபி சென்டர் வச்சிருக்கிறவங்க, அரவை மில் கணக்கு பாக்குறவங்க, காலேஜ் பசங்கன்னு. ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு எதுன்னு எல்லாரும் வீடியோ பாத்து முடிவு பண்ணிட்டு வந்துடறாங்க, மத்த பாகம் எல்லாம் வந்து மாட்டுற மதர்போர்டை மட்டும் "ஏதாவது ஒண்ணு போடுங்க"ன்னு விட்டுடறாங்க. அதுலதான் எனக்கு மனசு கேக்காது, ஏன்னா மத்தது எல்லாத்தையும் பின்னாடி கழட்டி மாத்தலாம், போர்டை மாத்தணும்னா மொத்த சிஸ்டத்தையும் பிரிக்கணும். அதனால கேக்குற கேள்வியை எல்லாம் ஒரே எடத்துல எழுதி வச்சிடறேன்.

கே: சின்ன போர்டுன்னா எது? பேர்லயே கண்டுபிடிக்க முடியுமா?

மூணு சைஸ் ஞாபகம் வச்சுக்கிட்டா போதும். ஏடிஎக்ஸ் 305 x 244 மி.மீ, அது பெருசு. மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 x 244, சதுரமா இருக்கும், கடையில எம்-ஏடிஎக்ஸ்னு சொல்வாங்க. மினி ஐடிஎக்ஸ் 170 x 170, கிட்டத்தட்ட ஒரு சாப்பாட்டு தட்டுல பாதி. மாடல் பேர்ல நம்பருக்கு அடுத்து எம் இருந்தா எம்-ஏடிஎக்ஸ், ஐ இருந்தா ஐடிஎக்ஸ், அதாவது பி650எம், பி760எம், பி650ஐ இப்படி. எல்லா கம்பெனியும் அனேகமா இதே மாதிரிதான் பேர் வைக்கிறாங்க.

கே: அண்ணே, மேசையில எடமே இல்ல, ஐடிஎக்ஸ் எடுத்துக்கட்டுமா? பாக்க அழகா இருக்கே.

அழகாத்தான் இருக்கு தம்பி, ஆனா நம்ம ஊருக்கு நான் ஐடிஎக்ஸ் சொல்ல மாட்டேன். மொதல்ல விலை, அதே சிப்செட் (போர்டோட வசதியை முடிவு பண்ற சிப்பு, பி650, பி760ன்னு பேர்ல வர்றது) எம்-ஏடிஎக்ஸ்ல கெடைக்கிறதை விட ஐடிஎக்ஸ்ல நல்லாவே கூட, அந்த காசை ரேமுக்கோ எஸ்எஸ்டிங்கிற வேகமான டிஸ்க்குக்கோ போடலாம். ரெண்டாவது, ஒரே ஒரு கார்டு ஸ்லாட், ரெண்டே ரெண்டு ரேம் ஸ்லாட், ஃபேன் மாட்டுற பின் ரெண்டு மூணுதான். கிராபிக்ஸ் கார்டு போட்டாச்சுன்னா வேற எந்த கார்டும் போட முடியாது, எம்-ஏடிஎக்ஸ்ல நாலு ஸ்லாட் வரைக்கும் எடம் உண்டு. மூணாவதுதான் பெரிய விஷயம், சூடு. சித்திரை வைகாசியில மத்தியானம் ரூம்குள்ளயே 36, 37 டிகிரி இருக்குற வீட்டுல, ஷூ டப்பா சைஸ் கேபினட்டுக்குள்ள ப்ராசசரையும் கார்டையும் அடைச்சு வச்சா ஃபேன் சத்தம் தாங்காது, ஏசி ரூம்ல உக்காந்து வீடியோ போடுறவரு காட்டுற டெம்பரேச்சர் நமக்கு வராது. சிஸ்டத்துக்கு கரண்ட்டு குடுக்குற எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஃப்எக்ஸ்ங்கிற சின்ன வகை வாங்க வேண்டி வரும், அது புட்டுக்கிச்சுன்னா தஞ்சாவூர்லயோ கும்பகோணத்துலயோ அன்னைக்கே வேற கெடைக்கும்னு சொல்ல முடியாது. சாதாரண எஸ்எம்பிஎஸ்னா எந்த டவுன்லயும் கெடைக்கும்.

சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ ஹாஸ்டல் ரூமுக்கு பைல தூக்கிட்டுப் போய் வரணும்னா மட்டும் ஐடிஎக்ஸ் யோசிங்க. வீட்டுலயே இருக்கப் போற சிஸ்டம்னா எம்-ஏடிஎக்ஸ் போர்டு, அதுக்குன்னே வர்ற சின்ன கேபினட், முன்னாடி ஜாலி வச்சது, அது போதும். முன்னாடி முழுசா கண்ணாடி வச்ச கேபினட் வேணாம், காத்து எங்கேர்ந்து உள்ள போகும்?

கே: இன்டெல்லா ஏஎம்டியா, எந்த சிப்செட்?

மிட்ரேஞ்சுன்னு நான் சொல்றது இன்டெல்ல ஐ5-12400எஃப், ஏஎம்டில ரைசன் 5 5600, ரைசன் 5 7600 இந்த மாதிரி. இதுல சாக்கெட், அதாவது போர்டுல ப்ராசசர் உக்கார்ற எடம், எதுங்கிறதுதான் மொதல் முடிவு.

ஏஎம்4 ஏஎம்டியோட பழைய சாக்கெட், 2016-ல வந்தது. இதுல ரைசன் 5 5600-ஐ பி550எம் போர்டுல போட்டா இன்னைக்கும் நல்லா வேலை செய்யும், டிடிஆர்4ங்கிற பழைய வகை ரேம், செலவு கம்மி. ஆனா இதுக்கு மேல புது தலைமுறை ப்ராசசர் இந்த சாக்கெட்டுக்கு வரப்போறதில்ல. ஏஎம்5 2022 செப்டம்பர்ல வந்தது, அதுக்கு அடுத்த வகையான டிடிஆர்5 ரேம் மட்டும்தான் எடுக்கும், 2027-க்கும் அந்தாண்ட இந்த சாக்கெட்டுக்கு ப்ராசசர் விடுவோம்னு ஏஎம்டியே சொல்லியிருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சு போர்டை தொடாம ப்ராசசரை மட்டும் மாத்தணும்னு நெனைக்கிறவங்களுக்கு பி650எம் இல்லாட்டி பி850எம் சரியா வரும். எங்கிட்ட வர்ற பாதி பேருக்கு இதைத்தான் சொல்றேன்.

இன்டெல்ல எல்ஜிஏ1700 சாக்கெட்டுல 12, 13, 14-வது தலைமுறை மூணும் உக்காரும், அதோட அது முடிஞ்சது, அடுத்து வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851-ன்னு வேற சாக்கெட். அதுக்காக 12400எஃப் மோசம்னு இல்ல, விலைக்கு அது நல்ல ப்ராசசர், அதை பி660எம் அல்லது பி760எம் போர்டுல போடுங்க. 13, 14-வது தலைமுறையில ஐ7, ஐ9 மாதிரி பெரிய ப்ராசசர் போடுறவங்க மட்டும் ஒண்ணு கவனிங்க, அதுல வோல்டேஜ் பிரச்சனை வந்து இன்டெல் 2024-ல மைக்ரோகோடுக்கு (ப்ராசசருக்குள்ள ஓடுற ப்ரோக்ராம்) திருத்தம் விட்டுச்சு, அது புது பயாஸ்லதான் (சிஸ்டத்தை மொதல்ல எழுப்புற, போர்டுலயே இருக்குற ப்ரோக்ராம்) வரும், அதனால போட்ட அன்னைக்கே பயாஸ் அப்டேட் பண்ணிடணும்.

இசட்னு ஆரம்பிக்கிற போர்டு, எக்ஸ்னு ஆரம்பிக்கிற போர்டு நம்ம பட்ஜெட்டுக்கு தேவையே இல்ல. இன்டெல்ல இசட் எடுக்குறது ப்ராசசரை ஓவர்கிளாக் பண்ணத்தான் (கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல ஓட்ட), 12400எஃப்ல அது கெடையாது.

கே: இன்டெல்லுக்கு எச்610, ஏஎம்டிக்கு ஏ520 போர்டு பாதி விலைக்கு வருதே, அதை போட்டா என்ன?

இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

எஸ்எம்பிஎஸ்லேர்ந்து போர்டுக்கு 12 வோல்ட் வருது. ப்ராசசருக்கு வேண்டியது ஒண்ணேகால் வோல்ட் கிட்டதான். அந்த 12-ஐ இறக்கி குடுக்குறது போர்டுல சாக்கெட்டை சுத்தி இருக்குற விஆர்எம்ங்கிற பகுதி. 12400எஃப் முழு வேகத்துல 117 வாட் வரைக்கும் இழுக்கும், அதை ஒண்ணேகால் வோல்ட்டால வகுத்துப் பாருங்க, 90 ஆம்பியருக்கு மேல வரும். வீட்டுல வெல்டிங் மெஷின் ஓடுற மாதிரி கரண்ட்டு, அத்தனையும் உள்ளங்கை அகல எடத்துல. அந்த எடத்துல ஹீட்சிங்க்குனு ஒரு அலுமினிய கட்டி வச்சிருந்தா சூடு வெளிய போகும், மலிவு போர்டுல அது இருக்காது, வெறும் சிப்பு மட்டும் பச்சையா தெரியும்.

கும்பகோணம் பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரர், வெளியில யாரோ அசெம்பிள் பண்ணிக் குடுத்ததை எங்கிட்ட கொண்டாந்தார். ஐ7-12700 ப்ராசசர், அதை ஹீட்சிங்க் இல்லாத ஒரு எச்610 போர்டுல போட்டிருந்தாங்க. அந்த ப்ராசசர் 180 வாட் வரைக்கும் ஏறும். வைகாசி முகூர்த்த சீசன், தெனமும் ரெண்டு மூணு கல்யாண வீடியோ ரெண்டர் (எடிட் பண்ணதை முழு வீடியோவா மாத்துறது) போடணும், ஆரம்பிச்சு பத்து நிமிஷம் வேகமா ஓடிட்டு அப்புறம் அப்படியே படுத்துடும். ப்ராசசர் சூடு 65 டிகிரிதான் காட்டுது, கூலர் நல்லாத்தான் இருக்கு, அவர் கூலரையே ரெண்டு தடவை மாத்திட்டாரு பாவம். வெந்தது ப்ராசசர் இல்ல, போர்டு. விஆர்எம் சூடு தாங்காம ப்ராசசரோட வேகத்தை அதுவே இறக்கி விட்டுடுச்சு. ஹீட்சிங்க் வச்ச ஒரு பி760எம் மாத்துனதும் அதே ப்ராசசர், அதே கூலர், ரெண்டர் ஒரே சீரா போச்சு. அவர் ஒரு சீசன் முழுக்க ராத்திரி முழிச்சு உக்காந்திருந்ததை நெனைச்சா இப்பவும் எனக்கு வருத்தமா இருக்கு.

எச்610-ல இன்னும் சில குறை உண்டு. ரேம் ஸ்லாட் ரெண்டுதான், டிடிஆர்4 போட்டா 3200-க்கு மேல ஓடாது, எஸ்எஸ்டி போடுற எம்.2 ஸ்லாட்டும் அனேகமா மெதுவான ஜென்3 ஒண்ணுதான். ஏ520-ல கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டே பிசிஐஇ 3.0ங்கிற பழைய தலைமுறை. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 மாதிரி கார்டு எட்டு லேன்ல (டேட்டா போற பாதை, நெட் கேபிள் லேன் இல்ல) மட்டும் ஓடுறது, அதுக்கு 4.0 ஸ்லாட் இருந்தாதான் முழு வழி கெடைக்கும், இல்லாட்டி சில கேம்ல கொஞ்சம் அடி வாங்கும்.

டைப்பிங், பில்லிங், இ-சேவை வேலை, பசங்க படிக்க, ஐ3-யோ 12400-ஓ போட்டு வச்சுக்க எச்610 தாராளமா போதும், அதுக்கு மேல செலவு பண்ணாதீங்க. மணிக்கணக்குல ரெண்டர், கேம்னு ப்ராசசரை வேலை வாங்கப் போறவங்கதான் பி வரிசைக்குப் போகணும். என் கணக்குல மொத்த பட்ஜெட்டுல 12-லேர்ந்து 15 சதவீதம் போர்டுக்கு ஒதுக்குனா சரியா இருக்கும்.

கே: எந்த கம்பெனி நல்லது?

ஏசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் நாலுமே போடலாம். கம்பெனி பேரை விட அந்த மாடல்ல விஆர்எம் மேல ஹீட்சிங்க் இருக்கா, நமக்கு வேண்டிய போர்ட்டு இருக்கா, வாரண்டி பாக்க திருச்சியிலயோ தஞ்சாவூர்லயோ எடம் இருக்கான்னு பாருங்க. போர்டுக்கு பெரும்பாலும் 3 வருஷ வாரண்டி, பில்லை லேமினேட் பண்ணாம போட்டோ எடுத்து வச்சுக்குங்க, அந்த மை ஒரே வருஷத்துல மறைஞ்சிடும்.

கே: புது போர்டு, புது ப்ராசசர், ஆனா டிஸ்ப்ளே வரல. ஏமாத்திட்டாங்களா?

மொதல்ல பதறாதீங்க. இதுல ரெண்டு காரணம் ரொம்ப சாதாரணம்.

ஒண்ணு, ஏஎம்5 போர்டு மொதல் தடவை ஆன் பண்ணும்போது ரேமை பழகிக்க சில நிமிஷம் எடுத்துக்கும், அந்த நேரம் திரை கறுப்பாத்தான் இருக்கும். திருத்துறைப்பூண்டியிலேர்ந்து ஒரு தம்பி, தானே ஆசையா அசெம்பிள் பண்ணிட்டு, ஆன் பண்றது ஒரு நிமிஷம் பாக்குறது ஆஃப் பண்றதுன்னு ராத்திரி பூரா செஞ்சுட்டு அழுவாத குறையா போன் பண்ணான். ஆன் பண்ணிட்டு போய் ஒரு டீ குடிச்சிட்டு வாடான்னேன், டீ குடிச்சிட்டு வந்து பாத்தா பயாஸ் திரை நிக்கிது.

ரெண்டாவது, போர்டுல பழைய பயாஸ். போர்டு டப்பா கடையில ஒரு வருஷம் தூங்கியிருக்கும், ப்ராசசர் அதுக்கு அப்புறம் வந்திருக்கும். பி650 போர்டுல ரைசன் 9000, பி450-ல ரைசன் 5000, பி660-ல 13, 14-வது தலைமுறை போடும்போது இது நடக்கும். அதனாலதான் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்குற போர்டா பாத்து வாங்கச் சொல்றேன், ப்ராசசரே இல்லாம பென்டிரைவ்ல பயாஸ் ஏத்திடலாம். பென்டிரைவ் ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ணி, ஃபைலுக்கு அந்த போர்டு புத்தகத்துல சொன்ன பேரையே வச்சு, பின்னாடி அதுக்குன்னு குறிச்சிருக்குற யூஎஸ்பி ஓட்டைல சொருகணும். ஏத்தும்போது கரண்ட்டு போயிடக் கூடாது, யூபிஎஸ் இல்லாம செய்யாதீங்க.

கே: ரேம் ஸ்லாட் ரெண்டு போதுமா நாலு வேணுமா?

டிடிஆர்4-ல நாலு இருந்தா நல்லது, இப்ப ரெண்டு 8 ஜிபி போட்டு பின்னாடி இன்னும் ரெண்டு சேக்கலாம். டிடிஆர்5-ல கதை வேற. ரைசன் 7000-ல ரெண்டு ரேம்னா 5200 வேகம், நாலு ஸ்லாட்டையும் நெரப்புனா ஏஎம்டி சொல்ற வேகமே 3600-தான். அதனால ஏஎம்5-ல மொதல்லயே ரெண்டு 16 ஜிபி போட்டுடுங்க, ரெண்டு ஸ்லாட் போர்டுன்னாலும் குறையில்ல. ஒரே ஒரு ரேம் போட்டு ஓட்டாதீங்க, பாதி வழி அடைச்ச மாதிரி. நாலு ஸ்லாட் போர்டுல ப்ராசசர்லேர்ந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுல போடணும். ரேம் டப்பால போட்ட வேகம் தானா வராது, பயாஸ்ல எக்ஸ்எம்பி இல்லாட்டி எக்ஸ்போன்னு இருக்கும், அதை ஆன் பண்ணணும். அப்புறம் டிடிஆர்4-ம் 5-ம் ஒண்ணுக்கொண்ணு சேராது, வெட்டு இருக்குற எடமே வேற, பி760-ல ரெண்டு வகை போர்டும் வருது, மாடல் பேர்ல டி4-ன்னு இருக்கான்னு பாத்து வாங்குங்க.

கே: மில்லுல எடை மெஷின் கனெக்ட் பண்ணணும், புது போர்டுல அந்த ஒம்பது பின் போர்ட்டு வருமா?

இந்த கேள்வி நம்ம பக்கம் மட்டும்தான் வருது, நெல்லு எடை போடுற எடமெல்லாம் இன்னும் சீரியல் போர்ட்டுதான். பின்பக்கம் பாத்தா இருக்காது, ஆனா நிறைய எம்-ஏடிஎக்ஸ் போர்டுல உள்ள, கீழ் ஓரத்துல காம்னு எழுதுன பின் வரிசை குடுத்திருப்பாங்க, அதுக்கு ஒரு கேபிள் பிராக்கெட் தனியா வாங்கி மாட்டுனா போதும். வாங்குறதுக்கு முன்னாடி போர்டு புத்தகத்துல அந்த பேர் இருக்கான்னு பாருங்க. யூஎஸ்பி கன்வர்ட்டர் போட்டும் ஓட்டலாம், மலிவு கன்வர்ட்டர் நடுவுல கட் ஆகும், லாரி நிக்கும்போது எடை வரலன்னா அங்க ஒரே சண்டைதான். ஐடிஎக்ஸ்ல இந்த பின் அனேகமா கெடையாது, இது இன்னொரு காரணம்.

பழைய விஜிஏ மானிட்டர் வச்சிருக்கிறவங்களும் பின்னாடி அந்த போர்ட்டு இருக்கான்னு பாத்துக்குங்க. எஃப்னு முடியிற ப்ராசசர்ல உள்ள கிராபிக்ஸ் இல்ல, ரைசன் 5 5600-லயும் இல்ல, அதெல்லாம் போட்டா போர்டுல இருக்குற டிஸ்ப்ளே போர்ட்டு எதுவும் வேலை செய்யாது, தனி கார்டு வேணும். ரைசன் 5 7600-ல உள்ளயே இருக்கு.

கே: வைஃபை போர்டு எடுக்கவா?

ரவுட்டர் பக்கத்துல இருந்தா லேன் கேபிளே போடுங்க. மாடியிலன்னா வைஃபை மாடல் எடுங்க, வித்தியாசம் பெருசு இல்ல.

கே: நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர்டு சீக்கிரம் போகுதே, உப்புக் காத்துதான் காரணமா?

உப்பும் ஈரமும் சேந்து. கடல் ஓரத்துல ரெண்டு வருஷம் இருந்த போர்டை பாத்தா பின்பக்க யூஎஸ்பி ஓட்டைல பச்சை பூத்திருக்கும், ரேமோட தங்கக் கலர் பல்லு மங்கிப் போயிருக்கும். டிஸ்ப்ளே வரலன்னு கொண்டு வர்றதுல பல தடவை ரேமை கழட்டி பல்லை அழி ரப்பரால மெதுவா தொடச்சு மறுபடி போட்டாலே வந்துடுது. ஐப்பசி கார்த்திகை அடைமழைல சிஸ்டத்தை நாள் கணக்கா போடாம வைக்காதீங்க, தெனம் ஒரு மணி நேரமாவது ஓடட்டும், அந்த சூடே உள்ள ஈரத்தை வெரட்டும். பயன்படுத்தாத ஸ்லாட், ஓட்டைக்கு ரப்பர் மூடி கெடைக்கும், போட்டு வைங்க. சன்னல் ஓரம் கேபினட்டை வைக்காதீங்க. உள்பக்கம் வயல் ஓரத்து ஊர்ல தை மாசி அறுவடை மெஷின் ஓடும்போது வர்ற தூசிதான் எதிரி, அறுப்பு முடிஞ்சதும் ஒரு தடவை தெறந்து ப்ளோயர் அடிச்சிடுங்க, அடிக்கும்போது ஃபேனை விரலால புடிச்சுக்கணும், சுத்த விடக் கூடாது.

கே: கேபினட்டை தொட்டா சுர்ருனு அடிக்கிது, போர்டு கோளாறா?

இல்லீங்க, எர்த் இல்ல. எஸ்எம்பிஎஸ்குள்ள இருக்குற ஃபில்டர் வழியா லேசா கசியிற கரண்ட்டு எர்த் வழியா போகணும், போக வழி இல்லாம கேபினட் தகரத்துல நிக்கிது. பென்டிரைவ், பிரிண்டர் கேபிள் சொருகும்போது யூஎஸ்பி போர்ட்டு போறதுக்கு இது ஒரு காரணம். நம்ம மண்ணு ஈர மண்ணு, எர்த் நல்லா புடிக்கும், எலக்ட்ரீசியனை கூப்ட்டு ஒரு கம்பி அடிச்சா ஒரு நாள் வேலை. பதினஞ்சாயிரத்துக்கு போர்டு வாங்கிட்டு இதை விடுறது எனக்கு தாங்கவே முடியாத விஷயம்.

இடி இடிக்கும்போது பிளக்கை புடுங்கி வைங்க, லேன் கேபிளையும் சேத்து. ஃபைபர் கம்பியில மின்னல் வராது, ஆனா அந்த ஃபைபர் டப்பாவோட அடாப்டர் வழியா வந்து லேன் கேபிள்ல ஏறி போர்டுல லேன் போர்ட்டை மட்டும் தீச்சிட்டுப் போயிடும். கோடையில போர் மோட்டார் எல்லாம் ஓடுற நேரம் வோல்டேஜ் எறங்கி ஏறும், அதுக்கு யூபிஎஸ் வேணும், 600 விஏ யூபிஎஸ் 360 வாட் கிட்டதான் தாங்கும், கிராபிக்ஸ் கார்டு இருந்தா 1000 விஏவுக்கு மேல போங்க. வீட்டு இன்வர்ட்டர்ல ஓட்டுறதா இருந்தா சைன் வேவ் இன்வர்ட்டரா இருக்கட்டும், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஸ்கொயர் வேவ் ஒத்துக்காது.

கே: செகண்ட்ஸ் போர்டு வாங்கலாமா?

ஏஎம்4 போர்டுன்னா ஓரளவுக்கு பயப்படாம வாங்கலாம், ஏன்னா அதுல பின் ப்ராசசர்ல இருக்கு. எல்ஜிஏ1700, ஏஎம்5 ரெண்டுலயும் பின் போர்டுல இருக்கு, முடி மாதிரி மெல்லிசு, ஒண்ணு வளைஞ்சாலும் ஒரு ரேம் சேனலே (ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவுல உள்ள பாதை) போயிடலாம், வாரண்டியும் கெடையாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயோ திருச்சியிலயோ எங்க வாங்குனாலும், புதுசா இருந்தாலுமே, கடையிலயே மூடியை தெறந்து செல்போன் டார்ச்ச சாய்ச்சு அடிச்சு பாத்து ஒரு போட்டோ எடுத்துட்டுதான் கெளம்பணும். ஆன்லைன்ல வாங்குனா டப்பா பிரிக்கிறதுலேர்ந்து வீடியோ எடுங்க. அந்த பிளாஸ்டிக் மூடியை தூக்கி எறியாதீங்க, வாரண்டிக்கு அனுப்பும்போது கேப்பாங்க.

கே: மாட்டும்போது எதுல தப்பு நடக்கும்?

கேபினட்ல ஏடிஎக்ஸ்க்கு போட்ட பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டை தாங்குற திருகுக்கால்) ஒண்ணு எம்-ஏடிஎக்ஸ் போர்டு ஓட்டை இல்லாத எடத்துல நின்னுச்சுன்னா பின்பக்கம் ஷார்ட் ஆகும், போர்டை வச்சு எண்ணிப் பாத்துட்டு முறுக்குங்க. லைட்டுக்கு வர்ற மூணு பின் 5 வோல்ட், நாலு பின் 12 வோல்ட், மாத்தி அமுக்கி சொருகுனா லைட்டு மட்டும் இல்ல போர்டே போகலாம். கிராபிக்ஸ் கார்டு ரெண்டரை ஸ்லாட் தடிமன்னா கீழ இருக்குற சின்ன ஸ்லாட்டும் சில போர்டுல ஹார்ட் டிஸ்க் மாட்டுற சாட்டா போர்ட்டும் மறைஞ்சிடும், அதனால சாட்டா கேபிளை மொதல்லயே சொருகிடுங்க. எம்.2 ரெண்டாவது ஸ்லாட்டுல எஸ்எஸ்டி போட்டா சில போர்டுல ஒண்ணு ரெண்டு சாட்டா போர்ட்டு அணைஞ்சிடும், பழைய ஹார்ட் டிஸ்க் காணலன்னு தேடாதீங்க, வேற போர்ட்டுல மாத்துங்க.

கே: மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வந்து சிஸ்டம் நனைஞ்சிடுச்சு, போர்டை காப்பாத்த முடியுமா?

2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப ஓடு பறந்து, மழையில நனைஞ்ச சிஸ்டம் எத்தனையோ வந்துச்சு. அதுல பொழச்சது எல்லாம் ஆன் பண்ணிப் பாக்காம கொண்டாந்தது, போனது பெரும்பாலும் "வேலை செய்யுதான்னு பாத்தேன்"னு சுவிட்ச் போட்டது. தண்ணி தன்னால போர்டை கொல்லாது, தண்ணியோட கரண்ட்டு சேந்தாதான் கொல்லும். அதனால பிளக்கை எடுங்க, போர்டுல காசு மாதிரி இருக்குற சிஆர்2032 பேட்டரியையும் கழட்டுங்க, அதை மறந்துடறாங்க, அந்த 3 வோல்ட்டே ஈரத்துல செம்பை அரிக்கும். ரேம், கார்டு, கூலர் எல்லாம் கழட்டிட்டு, சேறு படிஞ்சிருந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊத்தி மெத்துன பிரஷ்ஷால கழுவி, வெயில்ல நேரா வைக்காம ஃபேன் காத்துல நாலஞ்சு நாள் வைங்க. எல்ஜிஏ1700, ஏஎம்5 போர்டா இருந்தா சாக்கெட் பின் மேல மட்டும் பிரஷ் படக் கூடாது, அங்க ஆல்கஹாலை ஊத்தி சாய்ச்சு விட்டா போதும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திரும்ப போடாதீங்க, புதுசு வாங்கி அதுல போர்டை போட்டுப் பாருங்க.